செய்தவனை விட்டு ஊரைப் பிடிப்பது
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராயபுரத்திலிருந்து முகத்துவாரக்குப்பம் வரை நம்ம பகுதியைப் பற்றி வெளியில் ஒரு பேச்சு உண்டு. "அங்கேயா? ரகளை பிடிச்ச ஏரியாவாச்சே!" என்பார்கள். சினிமாக்காரர்களும் தங்கள் பங்குக்கு அதற்கு மெருகு ஏற்றிவிட்டார்கள். ஆனால் இது சினிமாவுக்கும் முந்தின பேச்சு.

1921-ஐப் பாருங்கள். பெரம்பூர் பி அண்டு சி மில்லில் பெரிய வேலைநிறுத்தம். திரு.வி.க. முதலானோர் முன்னின்று நடத்தினார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பவே, புளியந்தோப்பு இரண்டாகப் பிளந்தது. ஒரே மில்லில் தறி ஓட்டியவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். சேரிக் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29-ல் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின.

அப்புறம் என்ன? விசாரணைக் குழு போட்டார்கள். கவர்னர் வெலிங்டன் தொழிலாளர் தலைவர்களை நாடு கடத்த நினைத்தார். அதைத் தடுத்தவர் சர் பிட்டி தியாகராயர். அதே தியாகராயர்தான் ஆதிதிராவிடர்களைச் சென்னையை விட்டே வெளியே அனுப்பலாம் என்றும் யோசனை சொன்னார்! நம்ம வண்ணாரப்பேட்டைக்குப் பெருமை சேர்த்தவர் அவர்; அதைக் குறைக்க நான் வரவில்லை. ஆனால் இதையும் சொல்லாமல் போனால் சரித்திரம் ஆகாது. எம்.சி. ராஜா அந்த யோசனையை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1923-ல் நீதிக்கட்சியை விட்டே விலகினார். கூலி போனால் அடுத்த வேளைக் கஞ்சிக்கு வழியில்லாதவன் எத்தனை நாள் வேலைநிறுத்தம் செய்வான் என்ற கேள்வி மட்டும் மூலைக்குப் போய்விட்டது.

செய்தவனை விட்டு ஊரைப் பிடிப்பது என்று இதைத்தான் சொல்கிறேன்.

தூர தேசத்திலும் இதே கதைதான். 2005 அக்டோபரில் பாரீஸ் புறநகரான கிளிஷி-சூ-புவாவில் போலீசுக்குப் பயந்து ஓடிய இரண்டு பையன்கள் மின் நிலையத்துக்குள் ஒளிந்து, மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மூன்று வாரம் பிரான்ஸ் எரிந்தது. அரசு எடுத்த ஆயுதம், அல்ஜீரியப் போரின்போது 1955-ல் போட்ட அவசரநிலைச் சட்டம். அந்த ஊருக்குப் போலீஸ் நிலையம் 2010-ல் வந்தது. டிராம் வண்டி வர 2019 ஆயிற்று. எது முதலில் வந்தது என்று கவனியுங்கள்.

நம்ம பக்கம் வருவோம். 2017 ஜனவரி 23. மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் போலீஸ் கலைத்தது. ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ. பக்கத்திலேயே நடுக்குப்பம் மீன் மார்க்கெட்டும் எரிந்தது. கொளுத்தியது போலீஸ்தான் என்று மீன் விற்கும் பெண்கள் சொன்னார்கள். போலீஸ் மறுத்தது. ஓடிவந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்ததுதான் அந்தக் குப்பம் செய்த காரியம். ஓய்வுபெற்ற நீதிபதி ராஜேஸ்வரன் தலைமையில் ஆணையம் அமைந்தது. நல்லதுதான். ஆனால் கமிஷன் உட்காருவதற்குள் குப்பத்துப் பையன்களின் மீது வழக்கு ஏறிவிடுகிறதே!

மாணவர்களே, முதல் தகவல் அறிக்கையில் "மற்றும் பலர்" என்று ஒரு சொல் வரும். யார் அந்தப் பலர்? அன்றைக்குத் தெருவில் நின்றவன் எவனும் ஆகலாம். பிறகு போலீஸ் வேலைக்குத் தேர்வானாலும், பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டாலும், அந்த வழக்கு முன்னால் வந்து நிற்கும். பட்டம் வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

நம்ம சங்கத்தில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், பத்திரிகைக்காரர்கள் இருக்கிறீர்கள், காவல் துறையிலேயே இருப்பவர்களும் உண்டு. பகுதியில் ஒரு சம்பவம் நடந்தால் முதல் வாரத்திலேயே ஜாமீனுக்கும், யார் எங்கே இருந்தார்கள் என்று சாட்சி எழுதி வைப்பதற்கும் ஒரு சிறு குழு வேண்டும். வெள்ளி விழா வளைவுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் இதற்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். அடுத்த செயற்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவர இரண்டு வக்கீல் நண்பர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் கிளம்புவதற்கு முன் வாசலில் உள்ள நோட்டில் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள்.