இலை உதிருமுன்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் நாமக்கல் பக்கத்தில் வேப்பமரம் இல்லாத பள்ளி வளாகம் அரிது. மாசி பிறந்தால் அது நமக்கு வேலை வைக்கும். காலையில் கூட்டிய இடம் மதியத்துக்குள் மஞ்சள் சருகால் மூடிவிடும். 'இலை முதிர்ந்தால் உதிரும்' என்று ஒரே வரியில் பாடத்தை முடித்துவந்தவன்தான் நானும்.

ஆனால் இலையை விடுவதற்கு முன் மரம் கணக்குத் தீர்க்கிறது. பச்சையம் சிதையும் அதே நாள்களில் இலையின் புரதங்களும் சிதைக்கப்பட்டு, நைட்ரஜன் புளோயம் வழியாகக் கிளைக்குத் திரும்புகிறது. பாஸ்பரஸும் பொட்டாசியமும் அப்படியே. பொதுவாக மரங்கள் இலையிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸில் ஏறத்தாழப் பாதியை, சில வேளை அதற்கு மேலும் மீட்டுக்கொள்கின்றன. கால்சியம் மட்டும் வராது. புளோயத்தில் அது எளிதில் நகராது. சருகோடு மண்ணுக்குத்தான் போகும்.

மீட்டது எங்கே போகிறது? பட்டைக்கும், அதை ஒட்டிய வெளிறுக் கட்டைக்கும். வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் உயிருள்ள செல்கள் இல்லை, வெளிறில் உண்டு. அங்கே நைட்ரஜன் புரதமாகச் சேர்கிறது, கூடவே மாவுச்சத்தும் இருக்கிறது. பங்குனியில் காய்ந்த மண்ணில் நின்றுகொண்டு வேம்பு கொழுந்தும் பூவும் விடுகிறதே, அதற்கு இந்த இருப்புதான் பெரிய துணை.

இதை அறியாமல் ஒரு தவறு செய்தேன். முன்பு பணியாற்றிய பள்ளியில், கொழுந்து விட்ட மரத்தைச் சித்திரையில் மொட்டையடிக்கச் சொன்னேன். இருப்பைச் செலவழித்துவிட்ட மரம்; புது இலைகள் இன்னும் சம்பாதிக்கத் தொடங்கவில்லை. இரண்டு பெரிய கிளைகள் துளிர்க்கவே இல்லை. அந்த ஆண்டு வறட்சியும் இருந்தது, முழுப் பழியையும் அரிவாள் மேல் போட மாட்டேன். ஆனால் நிழல் போனது. பிள்ளைகள் மதிய உணவை வராந்தாவில் நெருக்கியடித்துச் சாப்பிட்டார்கள்.

அதன் பிறகுதான் எட்டாம் வகுப்பில் இந்தச் சோதனையைத் தொடங்கினேன். இலை உதிருமுன் ஒரு குச்சி, கொழுந்து விரிந்தபின் ஒரு குச்சி. புதிதாக, மெல்லியதாகக் குறுக்கே சீவி அயோடின் கரைசல் விடுங்கள். மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். எங்களுக்கு இரண்டாவது குச்சியில் நிறம் வெளிறியிருந்தது. குச்சிக்கிழங்குத் துண்டில் அயோடின் விட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அயோடின் காட்டுவது மாவுச்சத்தை மட்டுமே, நைட்ரஜனை அல்ல. இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மாணவி கேட்டாள்: "சார், மரமே பாதியத்தான எடுத்துக்குது? மீதிய நாம எரிச்சிடறோமே?"

எரித்தால் கால்சியம் சாம்பலில் நிற்கும், நைட்ரஜன் பெரும்பாலும் புகையோடு போய்விடும் என்றேன். மறுநாள் கழிவறைக்குப் பின்னால், மூன்றடி ஆழத்தில், அவர்களே குழி வெட்டத் தொடங்கியிருந்தார்கள்.