உத்தரம் விழுந்த நாள்: துப்பறியும் நாவலில் காரணமும் காரியமும்

அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குத் துப்பறியும் நாவலா என்று சிலர் முகம் சுளிக்கலாம். துறையூரிலிருந்து மண்ணச்சநல்லூர் வழியாகத் திருச்சி போகும் பேருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். துப்பறியும் நாவல்கள் எழுதிய சுஜாதா வளர்ந்த ஊர் அது. அவர் படித்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். இந்தப் பேச்சுக்கு இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

தமிழில் இந்த வகைக்குப் பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்தவர் ஜே. ஆர். ரங்கராஜு. அவருடைய ‘இராஜாம்பாள்’ 1908இல் வந்தது. துப்பறிபவர் கோவிந்தன். அந்தக் காலத்துக் கதைகளில் மர்மம் ஒரு முடிச்சு. கடைசியில் அது அவிழும், நல்லவர் வாழ்வார், கெட்டவர் மாட்டிக்கொள்வார்.

அமெரிக்காவில் டாஷியல் ஹாமெட் வேறு வழியில் போனார். பிங்கர்ட்டன் என்னும் தனியார் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். 1930இல் நூலாக வந்த அவருடைய ‘மால்டீஸ் ஃபால்கன்’ நாவலில், துப்பறிபவர் சாம் ஸ்பேடின் தொழில் கூட்டாளி மைல்ஸ் ஆர்ச்சர் சான் பிரான்சிஸ்கோவின் ஒரு முட்டுச்சந்தில் சுடப்பட்டுக் கிடக்கிறான். அவனுடைய துப்பாக்கி இடுப்பிலேயே இருக்கிறது. மேல்கோட்டுக்குப் பொத்தான் போட்டிருக்கிறது. போலீஸ்காரர் ஸ்பேடிடம் இதைச் சொல்வது இரண்டாம் அத்தியாயத்தில். தான் பின்தொடரும் ஓர் ஆணோடு இருட்டுச் சந்துக்குள் போகிறவன், துப்பாக்கியைக் கோட்டுக்குள் பூட்டிவைத்துக்கொண்டு போவானா? போகமாட்டான். நம்பிய ஒருவரோடுதான் போயிருக்கிறான். அந்த ஆணைப் பின்தொடர அவனை அனுப்பிய பெண்ணோடு. ஸ்பேட் இதை அவள் முகத்துக்கு நேரே சொல்வது கடைசி அத்தியாயத்தில்.

கைரேகை இல்லை, விஷப் புட்டி இல்லை. ஒரு தொழிலில் பழகியவனின் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு மட்டும்தான் இருக்கிறது. நாவலின் தலைப்பில் உள்ள பறவைச் சிலையை வாசகர் துரத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தப் பொத்தான் கண்ணெதிரே இருந்தது.

இவ்வளவு கறாரான நாவலின் நடுவில் ஹாமெட் ஒரு கிளைக்கதை வைக்கிறார். டக்கோமா நகரத்து வீட்டுமனைத் தொழில்காரர் ஃப்ளிட்கிராஃப்ட் மதியச் சாப்பாட்டுக்குப் போகிறார். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்திலிருந்து ஓர் உத்தரம் பக்கத்தில் வந்து விழுகிறது. நடைபாதைச் சில்லு ஒன்று கன்னத்தைக் கீறியதோடு சரி. அவர் வீடு திரும்பவில்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், நல்ல வருமானம் எல்லாவற்றையும் விட்டுப் போய்விடுகிறார். ஐந்து வருடம் கழித்து ஸ்பேட் அவரை ஸ்போகேனில் கண்டுபிடிக்கிறார்: வேறு பெயர், வேறு மனைவி, கைக்குழந்தை, கிட்டத்தட்ட அதே வாழ்க்கை. உத்தரங்கள் விழும் உலகத்துக்குப் பழகிக்கொண்டவர், அவை விழாமல் போனதும் அதற்கும் பழகிவிட்டார். 1941இல் ஜான் ஹஸ்டன் எடுத்த படத்தில் இந்தக் கதை இல்லை. நாவலின் உயிரே அதுதான். துப்பு துலக்குவது காரணத்தை நம்பும் தொழில். ஸ்பேடோ காரணமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துவிட்டவர்.

தமிழ் மனம் அந்த இடத்தைக் காலியாக விட்டதில்லை. கோவலன் செத்ததற்குச் சிலப்பதிகாரம் இரண்டு காரணச் சங்கிலிகளைத் தருகிறது. ஒன்று மதுரையில்: சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், அரசியின் ஊடல், அரசனின் அவசரம். சிலம்பின் பரலைக் காட்டிக் கண்ணகி உடைப்பது இதைத்தான். இன்னொன்று முற்பிறவியில்: கலிங்கத்துச் சிங்கபுரத்தில், பரதன் என்ற பெயரில் அவன் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தது, சங்கமன் மனைவி நீலியின் சாபம். உத்தரம் ஏன் விழுந்தது என்று இளங்கோவிடம் கேட்டால் பதில் கிடைத்திருக்கும்.

இந்த இரண்டு சங்கிலிகளையும் ஒரே நாவலுக்குள் மோதவிட்டவர் சுஜாதா. வக்கீல் கணேஷ் 1968இல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ மூலம் அறிமுகமானபோது கோர்ட்டும் சாட்சியமும்தான் அவருடைய உலகம். 1980களின் தொடக்கத்தில் வந்த ‘கொலையுதிர் காலம்’ வேறு ரகம். ஒரு சொத்து, அதையொட்டிச் சாவுகள், இருட்டில் தெரியும் உருவம். கணேஷ் லேசரையும் ஹோலோகிராமையும் காரணம் காட்டுகிறார். அவருடைய உதவியாளர் வசந்துக்கு அது போதவில்லை. எது உண்மை என்று சுஜாதா அடித்துச் சொல்லாமல் விடுகிறார். எலக்ட்ரானிக்ஸ் படித்த பொறியாளர், விஞ்ஞானத்துக்கு முழு வெற்றியைக் கொடுக்க மறுத்தது பெரிய துணிச்சல். வாசகரை ஏமாற்றும் உத்தி என்று அதைத் தள்ளிவிட முடியாது.

இன்னும் தமிழுக்கு வராதது ஆர்ச்சரின் பொத்தான். நம் துப்பறியும் கதைகளில் ஆய்வுக்கூடம் இருக்கிறது, ஆவி இருக்கிறது; தொழில் குறைவு. துறையூர் வட்டாரத்தில் ஒரு கொலைக்கான காரணம் இரவில் தொடங்க வேண்டியதில்லை. வில்லங்கச் சான்றில் விடுபட்ட ஒரு பதிவில் தொடங்கலாம். ஏரிப் பாசன மடையை யார் முதலில் திறப்பது என்ற தகராறில் தொடங்கலாம். பத்திர எழுத்தருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் கோர்ட் குமாஸ்தாவுக்கும் தெரிந்த சேதிகள் இவை. அவர்களில் ஒருவர் எழுத உட்கார வேண்டும். அந்த நாவலில் இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு சர்வே எண் வரட்டும். படிப்பவர் அதைப் பொருட்படுத்தாமல் கடந்து போகட்டும்.