உங்களுக்கென ஒரு நிரல் நூலகம்

(வெப் அப்ளிகேஷன் செய்யப் பழகும் கல்லூரி மாணவர்களிடம் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு ஆன்லைன் விண்ணப்பத்தில் 'முருகன்' என்று பேரைத் தமிழில் அடிக்கிறார் ஒருவர். 'எழுத்துகள் மட்டுமே அனுமதி' என்று சிவப்பில் வருது. அவர் அடிச்சதும் எழுத்துதானே? யூனிகோட் கணக்கு வேற. அதில் 'மு' ஒரே எழுத்து இல்லை. 'ம' எழுத்து, உகரம் தனிக் குறி. மெய்யின் புள்ளியும் தனிக் குறி. பெயரைச் சோதிக்கும் விதியில் எழுத்தை மட்டும் சொல்லி, குறியை விட்டுட்டா முருகன் வெளியேதான் நிற்பார். குறியே இல்லாத பெயர் நம்ம ஊரில் எத்தனை இருக்கு?

இதைவிடத் தந்திரமானது 'கொ'. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் அது பதிவாகலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒண்ணுதான். கணினிக்கு வேறு வேறு. அதனால் 'கொடைக்கானல்' என்று தேடினால், பதிவு உள்ளே இருந்தும் 'இல்லை' என்று வரும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இதைச் சரிசெய்ய 'நார்மலைஸ்' என்ற ஒரு வசதி போதும், ஒரு வரி வேலை.

அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இரண்டு நாள் ஆகியிருக்கலாம். புராஜெக்ட் முடிஞ்சதும் அது அங்கேயே தங்கிடும். அடுத்த புராஜெக்டில் வேற யாரோ பழைய விதியையே எழுதுவாங்க, முருகன் மறுபடியும் வெளியே. அதனால்தான் சொல்றேன், ஆளுக்கொரு நிரல் நூலகம் வச்சுக்கோங்க.

பெரிசா ஒண்ணும் வேண்டாம், கிட்டில் ஒரு ரெப்போ போதும். மூணாவது தடவை எழுத வேண்டிவந்த ஃபங்ஷன் மட்டும் உள்ளே வரட்டும். ஒவ்வொன்றோடும் ஒரு டெஸ்ட் ஃபைலும், இது ஏன் இப்படி இருக்குன்னு இரண்டு வரி தமிழ்க் குறிப்பும் இருக்கணும். ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே அந்தக் குறிப்பு தேவைப்படும். அதிலிருந்து காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க. பதிப்பு எண் கொடுத்து இம்போர்ட் பண்ணுங்க. அஞ்சு இடத்தில் ஒட்டிய நிரலில் பிழை வந்தால், நாலு இடத்தில்தான் திருத்துவோம்.

எல்லாமே இணையத்தில் கிடைக்குதே என்பீங்க. 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' என்று 11 வரி நிரலை அதை எழுதியவர் என்பிஎம் தளத்திலிருந்து எடுத்துட்டார். அதை நம்பியிருந்த ஏராளமான மென்பொருள்களை உருவாக்கும் வேலை உலகம் முழுக்க நின்னுபோச்சு. இந்த மாதிரிச் சின்ன விஷயம் நம்ம கையிலேயே இருக்கலாம். ஆனால் பாஸ்வேர்டு பாதுகாப்பு, என்கிரிப்ஷன் இதெல்லாம் சொந்தமா எழுத வேண்டாம். பலர் சோதிச்சுப் பார்த்த நிரலையே எடுத்துக்கோங்க. அதோட உரிமக் குறிப்பையும் நீக்காம வைங்க. சம்பளத்துக்கு எழுதிய நிரல் பெரும்பாலும் நிறுவனத்துக்குச் சொந்தம். கேட்காம வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க.

இன்னொரு உதாரணம் ஆதார் எண். அதில் 12-வது இலக்கம் சும்மா இல்லை, முதல் 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. வெர்ஹோஃப் முறை என்று பேர். ஒரு இலக்கம் தப்பினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிச்சுடும். எண்ணைச் சர்வருக்கு அனுப்பாமலே போனிலேயே இதைச் சோதிக்கலாம். தப்பா அடிச்ச எண்ணோட விண்ணப்பம் போய், வாரக்கணக்கில் காத்திருந்து திரும்பி வர்ற அலைச்சல் மிச்சம். எண் யாருடையதுன்னு மட்டும் இது சொல்லாது.

டெஸ்ட் ஃபைலில் உங்க அம்மாவோட ஆதாரைப் போடாதீங்க. அப்புறமா அழிச்சாலும் கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். ஆதார் எண் 0-விலோ 1-லோ தொடங்காது. அதனால் 1-ல் தொடங்கும் ஒரு எண்ணை வெர்ஹோஃப் கணக்குப்படி நீங்களே செஞ்சுக்கோங்க. கணக்குச் சரியா வரும், ஆனால் அது யாருடைய எண்ணும் இல்லை.

கேள்விகள் இருந்தா கேளுங்க.