பூவும் காமிராவும்

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசித் திங்களில் ஒரு நாள் காலை, பெரம்பலூரை அடுத்த பருத்திக் கொல்லை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். என் மாணவர்களுக்குப் பருத்திப் பூவின் உள்ளமைப்பைக் காட்டப் படம் ஒன்று வேண்டியிருந்தது. கரிசல் மண்ணில் இடுப்பளவு வளர்ந்த செடிகளில் இளமஞ்சள் பூக்கள் அப்போதுதான் விரிந்திருந்தன. காமிராவைப் பூவின் அருகே கொண்டுசென்று பத்துப் படங்கள் எடுத்தேன். எல்லாம் நன்றாக அமைந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு வீடு திரும்பினேன்.

இரவில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. இதழின் விளிம்பு நரம்பு நரம்பாகத் தெளிந்திருந்தது. நான் காட்ட விரும்பிய மகரந்தத் தாள்களும் சூல்முடியுமோ மஞ்சள் புகையாகக் கலங்கிக் கிடந்தன. மறுநாள் அதே செடியைத் தேடிச் சென்றேன். இளமஞ்சள் பூ அங்கே இல்லை. சிவந்து சுருங்கிய பூவே இருந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நேத்துப் பூத்தது இன்னைக்கும் அப்படியே இருக்குமா தம்பி? நாளைக்குக் காலையில வா, புதுசாப் பூத்திருக்கும்" என்றார்.

பருத்திப் பூ காலையில் விரிந்து மறுநாளுக்குள் சிவந்துவிடும் என்பதை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொன்னதை மறந்து, கருவியை மட்டும் நம்பிச் சென்றதற்கு வெட்கப்பட்டேன். பிறகு, பிழை எங்கே நேர்ந்தது என்று சிந்திக்கத் தொடங்கினேன்.

பூவை நெருங்க நெருங்க, படத்தில் தெளிவாக விழும் ஆழம் விரைவாகக் குறைகிறது. 35 மில்லிமீட்டர் காமிராவில் ஒரு பொருள் தன் இயல்பான அளவிலேயே பதியுமாறு நெருங்கினால், எஃப் 8 என்னும் துவார அளவில் அந்த ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். பருத்திப் பூவின் இதழ் விளிம்புக்கும் அடிப்பகுதிக்கும் இடையே சில சென்டிமீட்டர் தொலைவு உண்டு. துவாரத்தை எஃப் 16 ஆகச் சுருக்கினால் ஆழம் இரு மடங்காகும். ஆனால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். மேலும் மேலும் சுருக்கினால், விளிம்பு விளைவினால் படம் முழுவதுமே கூர்மை இழக்கும். ஆகவே, பூவில் எதைத் தெளிவாகக் காட்டுவது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அத்தேர்வைப் பூவை அறிந்தவரே செய்ய இயலும்.

மூன்றாம் நாள், காற்று எழுமுன் கொல்லைக்குச் சென்றேன். பருத்தியில் மகரந்தத் தாள்கள் ஒன்றுகூடிக் குழலாகிச் சூல்தண்டைச் சூழ்ந்து நிற்கின்றன. நுனியில் சூல்முடி தலை நீட்டுகிறது. மேலிருந்து நோக்கினால் இவை ஒன்றன்பின் ஒன்றாக ஆழத்தில் அமையும். பக்கவாட்டில் நோக்கினால் ஒரே தளத்தில் அமையும். எனவே முன் இதழ் ஒன்றை மெல்ல மடக்கி, துணிக்கவ்வியால் பிடிக்கச் செய்தேன். காமிராவின் முதுகு அந்தத் தண்டுக்கு இணையாக இருக்குமாறு மூன்று கால் தாங்கியை நிறுத்தினேன். பூ பாதி அளவில் பதியுமாறு சற்றே விலகினேன். எஃப் 11 இல் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் ஆழம் கிடைத்தது. அது எனக்குப் போதும்.

லென்ஸைத் திருகுவதை விடுத்து, காமிராவையே முன்னும் பின்னும் சிறிது சிறிதாக நகர்த்திக் கூர்மை கண்டேன். ஒரு குடையைக் காற்றுக்குத் தடையாக நட்டேன். நிழல் விழுந்த பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்தேன். என் விரல் பட்டுக் காமிரா அசையாதிருக்க, இரண்டு விநாடி கழித்து அது தானே இயங்குமாறு அமைத்தேன்.

இவ்வாறு பூவை ஆய்ந்து படமெடுப்பது புதிதன்று. பெர்லினில் கலை பயிற்றிய கார்ல் பிளாஸ்ஃபெல்ட், தம் மாணவர்களுக்கு மாதிரியாகச் செடிகளையும் மொட்டுகளையும் பல மடங்கு பெரிதாகப் படமெடுத்தார். அப்படங்கள் 1928 ஆம் ஆண்டு நூலாக வந்து உலகப் புகழ் பெற்றன. பின்னணியை வெறுமையாக விட்டு, செடியின் அமைப்பு ஒன்றையே அவர் பேச வைத்தார். இக்காலத்தில் கூர்மை வெவ்வேறு இடங்களில் விழுந்த பல படங்களைக் கணினி ஒன்றாக்கித் தருகிறது. அதற்கும் பூ அசையாதிருக்க வேண்டும். எடுப்பவருக்குப் பொறுமையும் வேண்டும்.

கூர்மைக்கு மற்றொரு பண்பும் உண்டு. அது எதையும் மறைப்பதில்லை. அரியலூர் சுண்ணாம்புக்கல் நிறைந்த நிலம்; கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடும் சாலைகள் அங்கே உண்டு. அத்தகைய சாலையோரத்தில் ஓர் ஆவாரம் பூவை ஒரு முறை அருகிருந்து நோக்கினேன். கண்ணுக்குப் பொன்னாகத் தெரிந்த இதழில், லென்ஸ் வழியே வெண்தூசு படிந்திருக்கக் கண்டேன். ஊதிவிட எண்ணிக் குனிந்தேன், பிறகு நின்றுவிட்டேன். அந்தத் தூசும் அப்பூவின் வாழ்வில் ஒரு பகுதியன்றோ? அப்படியே எடுத்தேன்.

பருத்திப் பூவின் படத்தை வகுப்பில் காட்டியபோது, பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, சூல்முடியில் மணல்போல் ஒட்டியிருப்பது என்ன?" என்று கேட்டாள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே உள்ள மகரந்தத் துகள்கள் அவை! படமெடுத்த நானே அவற்றைக் கவனிக்கவில்லை. முதல் நாள் புகையாகக் கிடந்த இடத்தில் இப்போது ஒரு கேள்வி முளைத்துவிட்டது.

மாணவ நண்பர்களே, உங்கள் கையில் உள்ளது விலை உயர்ந்த காமிராவாயினும், எளிய கைப்பேசியாயினும், முதலில் அதைக் கீழே வைத்துவிட்டுப் பூவின் முன் சிறிது நேரம் அமருங்கள். எது மகரந்தம், எது சூல்முடி, எப்போது விரிகிறது, எப்போது வாடுகிறது என்று பாருங்கள். அதன்பின் கருவியை எடுங்கள்.