கட்டி சிறிது, நோவு பெரிது



பெங்களூரில் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் உழைக்கும் தமிழர்களாகிய நமக்கு இடுப்பு வலியும் கால் வலியும் புதியன அல்ல. குளிர் காற்றின் மீதும் வாதத்தின் மீதும் பழியைப் போட்டுத் தைலம் தேய்த்துக்கொள்கிறோம். பெரும்பாலும் வலி நீங்கியும் விடுகிறது. நீங்காமல் மாதக் கணக்கில் வளர்ந்து, படியேற இயலாமற்போய், அடிபடாமலே எலும்பில் விரிசல் காணுமானால், நாம் வேறு காரணம் தேட வேண்டும்.

அரிதாகச் சிலருக்கு, உடலில் எங்கோ ஒளிந்திருக்கும் சிறு கட்டியே இதற்கு மூலமாகிறது. பெரும்பாலும் அது புற்று அன்று. ஆயினும் எஃப்.ஜி.எஃப். 23 என்னும் சுரப்புப் பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதனால் சிறுநீரகம் பாஸ்பரஸ் சத்தை வெளியேற்றிவிடுகிறது. வைட்டமின் டி செயல்வடிவம் பெறுவதும் தடைப்படுகிறது. எலும்பு, சுடாத செங்கல்லைப் போல் உறுதி குன்றுகிறது.

இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி 1947-இல் மக்கான்ஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் எழுதினார். கட்டியே நோயின் காரணம் என்பதை 1959-இல் சுவிட்சர்லாந்தின் பிராடர் உணர்ந்தார். ஒரு சிறுமியின் விலா எலும்பிலிருந்த கட்டியை அகற்றியதும் அவளது எலும்பு நோய் குணமாயிற்று.

நோயை அறியும் முதற்படி எளியது: வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் பாஸ்பரஸ் அளவைப் பார்ப்பதே அது. வழக்கமான சோதனைகளில் இது பலவேளை விடுபடுகிறது. கால்சியம் சரியாகவே இருப்பதால் ஐயமும் எழுவதில்லை. பாஸ்பரஸ் குறைந்திருந்தால், சிறுநீரில் அது எவ்வளவு கழிகிறது என்று காண்பர். பரம்பரைக் கோளாறும் சில மருந்துகளின் விளைவும் இல்லையென உறுதி செய்வர். பின்னர், காலியம் 68 டோட்டாடேட் பெட் ஸ்கேன் கட்டியைத் தேடும். கட்டி காலிலோ பாதத்திலோ இருக்கக்கூடுமாதலால், தலை முதல் பாதம் வரை படம் எடுப்பது இன்றியமையாதது.

கட்டியை முழுதும் அகற்றினால் சில நாட்களிலேயே பாஸ்பரஸ் உயரும். எலும்பு தேறச் சில மாதங்கள் ஆகும். அகற்ற இயலாதவர்க்குப் பாஸ்பேட்டும், செயல்வடிவ வைட்டமின் டியும் உண்டு. புரோசுமாப் என்னும் ஊசி மருந்தை இந்நோய்க்குப் பயன்படுத்த 2020-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

வலி வந்தவரெல்லாம் இந்நோய் கொண்டவர் அல்லர். ஆயினும், தீராத வலியை வாதமென்றும் மனப்பிரமையென்றும் ஒதுக்குமுன், “பாஸ்பரஸ் பார்த்தாயிற்றா?” என்று மருத்துவரை வினவுவோமாக. அவ்வொரு வினா, நடக்க முடியாதவரை மீண்டும் நடக்கச் செய்யலாம்.