உயிரியல் தொழில்நுட்ப மானியம்: கேட்டுப் பெறவேண்டிய உரிமை

(இளம் பட்டதாரிகளுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நாம் வழக்கமாகத் தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம், குடியுரிமை, தடுப்புக் காவல் மரணம் பற்றிப் பேசுவோம். இன்று நான் பேசப்போவது, சுகாதாரத் துறையிலும் உயிரியல் தொழில்நுட்பத் துறையிலும் புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களுக்கு அரசாங்கம் தரும் மானியம் பற்றி. இதற்கும் உரிமைப் போராட்டத்திற்கும் என்ன சம்பந்தம் என்று ஏற்பாட்டாளர்களில் ஒருவரே என்னிடம் கேட்டார்.

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. பத்துப் பேரில் மூன்று பேர். கால் விரல் எடுக்கப்பட்ட மாமா, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகும் அத்தை இல்லாத குடும்பம் இந்த மண்டபத்தில் எத்தனை இருக்கும்? நோயாளிகளின் வரிசையில் நாம் முன்னால் நிற்கிறோம். அந்த நோய்க்குக் கருவியும் பரிசோதனையும் கண்டுபிடிப்பவர்களின் வரிசையில் எங்கே நிற்கிறோம்? இந்தக் கேள்விதான் என்னை இங்கே பேச வைத்தது.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நிதி அமைச்சின் கீழ் கிரேடல் நிதி நிறுவனம் 2003இல் தொடங்கப்பட்டது. இப்போது அது அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சின் கீழ் இயங்குகிறது. யோசனை நிலையில் இருப்பவர்களுக்கு 150,000 ரிங்கிட் வரையிலும், வணிக நிலைக்குப் போகிறவர்களுக்கு 600,000 ரிங்கிட் வரையிலும் நிபந்தனை மானியம் கொடுத்து வந்திருக்கிறது. 2005 ஏப்ரலில் அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி தேசிய உயிரியல் தொழில்நுட்பக் கொள்கையை அறிவித்தார். அதே ஆண்டில் அத்துறைக்கென ஒரு கழகம் அமைந்தது. பயோநெக்சஸ் தகுதி பெற்ற நிறுவனங்களுக்கு வரிவிலக்கு உட்படப் பல சலுகைகள் வந்தன.

இவை மலேசியக் குடிமக்கள் அனைவருக்கும் திறந்தவை. இங்கே நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. "153வது பிரிவு இருக்கிறது, நமக்குக் கிடைக்காது" என்று விண்ணப்பப் பாரத்தைத் திறந்து பார்க்காமலேயே ஒதுங்கிவிடுகிறோம். வழக்கறிஞர் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பிரிவை யாரும் எதிர்க்க வேண்டாம், முதலில் வாசியுங்கள். ஒதுக்கீடு செய்யக்கூடியவை எவை என்று அதில் எழுதியிருக்கிறது: பொதுச் சேவைப் பதவிகள், உபகாரச் சம்பளமும் அது போன்ற கல்வி, பயிற்சி வசதிகளும், தொழில் உரிமங்கள். 1971 திருத்தத்தில் உயர்கல்வி இடங்கள் சேர்க்கப்பட்டன. புதுத்தொழில் மானியம் என்று தனியாக எதுவும் எழுதப்படவில்லை. அதே பிரிவு மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களையும் காக்கச் சொல்கிறது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது 8வது பிரிவு. எல்லாருக்கும் என்று அறிவிக்கப்பட்ட மானியத்தில் நாம் கேட்பது சலுகை ஆகாது.

அந்த அமைச்சு புத்ராஜெயாவில் இருக்கிறது. அந்த மண் முன்பு பெராங் பெசார் தோட்டம். உலக ரப்பர்த் துறையில் பிபி என்ற முன்னெழுத்துகளோடு அறியப்படும் ரப்பர் மர ரகங்கள் அங்கே உருவானவை. பெராங் பெசார் என்ற பெயரின் சுருக்கம்தான் அந்தப் பிபி. நாற்று வளர்த்து, ஒட்டுப் போட்டு, பால் வெட்டிய தோட்டப் பாட்டாளிகளில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆராய்ச்சிக்கு உழைப்பைக் கொடுத்த சமுதாயம் நாம். தலைநகரம் வந்தபோது அந்தக் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பப்பட்டன.

நமக்கென்று அரசாங்கம் எதைக் கொடுக்கிறது? தெக்குன் நிறுவனத்தின் ஸ்பூமி, அமானா இக்தியாரின் பெண், பேங்க் ராக்யாட்டின் பிரீஃப்-ஐ. மூன்றும் கடன் திட்டங்கள். உணவுக்கடை, தையல், லாரி, சிறுவணிகம் செய்பவர்களுக்கு அவை உதவுகின்றன, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பூமிபுத்ரா இளைஞர்களுக்கு 2014இல் தெராஜு தொடங்கிய சூப்பர்ப் திட்டம் 500,000 ரிங்கிட் மானியம் தந்தது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. நமக்கான திட்டத்தை வரைகிறவர்களின் கற்பனை கடையோடு நின்றுவிட்டதே என்பதுதான் என் வருத்தம். நம் தலைவர்களும் அதைத் தாண்டிக் கேட்கவில்லை.

சரி, திறந்த மானியத்திற்கு நம் பிள்ளைகள் ஏன் போய்ச் சேருவதில்லை? கதவு வாசலில் மூடப்படுவதில்லை. அதற்கு முன்பே, வழியில் மூடப்படுகிறது.

ஆய்வுக்கூடம் இல்லாமல் மருத்துவக் கண்டுபிடிப்பு இல்லை. ஆய்வுக்கூடம் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே போகும் மெட்ரிகுலேஷன் பாதையில் பல ஆண்டுகள் 90க்கு 10 என்ற ஒதுக்கீடு. அப்போது வெளியே நின்ற மாணவன் இன்று ஆய்வாளர் பட்டியலிலும் வெளியே நிற்கிறான்.

அடுத்தது காலம். கைப்பேசிச் செயலி செய்பவர் ஆறு மாதத்தில் விற்கத் தொடங்கலாம். மருத்துவக் கருவியை 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யாமல் விற்க முடியாது. தரச் சான்றிதழ் வேண்டும். நோயாளிகளிடம் சோதிக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இதற்கு ஆண்டுகள் ஆகும். மானியமோ கட்டம் கட்டமாக, வேலை முடிந்ததைக் காட்டிய பிறகே வரும். அதுவரை சம்பளம், வாடகை, இரசாயனப் பொருள் எல்லாம் கைக்காசு. அடமானம் வைக்க வீடு உள்ள குடும்பத்துப் பிள்ளை தாக்குப்பிடிக்கிறான். தோட்டத்தை விட்டுப் பலகை வீட்டுக்கும் பிறகு வாடகை வீட்டுக்கும் வந்த குடும்பத்துப் பிள்ளை இரண்டாம் கட்டத்திற்கு முன்பே வேலை தேடிப் போய்விடுகிறான்.

மூன்றாவது, சட்ட அறிவு. என்னிடம் ஒரு பெண் வந்தார். நீரிழிவுப் புண்ணுக்கான கட்டுத்துணி ஒன்றை முதுகலைப் படிப்பில் உருவாக்கியவர். மானியத்திற்கு விண்ணப்பிக்கும்போது காப்புரிமை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அவர் 14 மாதங்களுக்கு முன்பே ஒரு மாநாட்டில் எல்லா விவரங்களையும் வெளியிட்டுவிட்டார். நம் 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் கண்டுபிடிப்பாளரின் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு அவகாசம் மட்டுமே தருகிறது. இரண்டு மாதம் தாமதம். இரண்டு ஆண்டு உழைப்பின் பாதுகாப்பு போய்விட்டது. அவருக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெளியிடும் முன் பதிவு செய்யுங்கள். வேலையில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பு முதலாளிக்கே சேரும் என்பது அச்சட்டத்தின் 20வது பிரிவு.

எனவே நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஒன்று, ஒவ்வொரு பொது மானியத்திற்கும் விண்ணப்பித்தவர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர், பெற்றவர் எத்தனை பேர் என்பதை இனவாரியாகவும் மாநிலவாரியாகவும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். நாம் விண்ணப்பிக்கவில்லையா, நிராகரிக்கப்படுகிறோமா என்பது அப்போதுதான் தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

இரண்டு, நிராகரிப்புக்கு எழுத்துப்பூர்வமான காரணம் தர வேண்டும்.

மூன்று, சுகாதாரத் துறை விண்ணப்பதாரர்களுக்கு முதல் தவணையை முன்பணமாகத் தர வேண்டும்.

நான்கு, மித்ராவின் ஒதுக்கீட்டில் ஒரு பகுதி காப்புரிமைக் கட்டணம், தரச் சான்றிதழ், நெறிமுறை அனுமதி ஆகியவற்றுக்குப் பாலம் போடும் நிதியாக ஒதுக்கப்பட வேண்டும். பெரிய மானியத்தின் வாசல்வரை நம் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் போதும், அங்கிருந்து அவன் திறமையில் நடப்பான்.

இது நடக்காத காரியம் இல்லை. அமெரிக்கா 1982இல் சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்குச் சட்டம் இயற்றியபோது, சிறுபான்மையினரும் பின்தங்கியவர்களும் தொழில்நுட்பப் புத்தாக்கத்தில் பங்கேற்பதை ஊக்குவிப்பதையும் அச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாக எழுதி வைத்தது. அங்கே எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சட்டத்தில் எழுதியிருந்தால் கணக்குக் கேட்கலாம்.

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லி வீட்டுக்குப் போய்விடக் கூடாது. நம்மிடையே மருத்துவர்கள், மருந்தாளர்கள், வழக்கறிஞர்கள், கணக்காய்வாளர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கொடுத்தால், பத்து இளைஞர்களின் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுக்கலாம். நானும் என் சக வழக்கறிஞர்கள் இருவரும் ஒப்பந்தங்களையும் காப்புரிமைப் பாரங்களையும் இலவசமாகப் பார்த்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறோம். வெளியே மேசையில் ஒரு பதிவேடு இருக்கிறது. உதவ முடிந்தவர்கள் ஒரு பக்கத்திலும், விண்ணப்பிக்க நினைப்பவர்கள் மறு பக்கத்திலும் பெயர் எழுதுங்கள். நிராகரிப்புக் கடிதம் வைத்திருப்பவர்கள் அதன் நகலைக் கொடுங்கள். இருபது கடிதம் சேர்ந்தால் அமைச்சரைப் பார்க்க நேரம் கேட்கலாம்.