தோழமையும் தேர்ச்சியும்

(பிள்ளைச்சாவடியில் பெற்றோரும் மாணாக்கரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

பிள்ளை தேர்வில் தவறினால் பெற்றோர் ஆசிரியரை நோகின்றனர். இன்றேல் தலையெழுத்தை நோகின்றனர். அவன் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் யார் என்று கேட்பாரில்லை. பதின்மூன்று அகவை கடந்த பிள்ளைக்குத் தந்தை சொல்லினும் தோழன் சிரிப்பே பெரிது. இதனையறிந்தே வள்ளுவப் பெருந்தகை சிற்றினம் சேராமை, நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு எனப் பல அதிகாரங்களை வகுத்தார்.

மேலை அறிஞர் இதனை அளந்தே காட்டியுள்ளனர். அமெரிக்காவின் இலாசு ஏஞ்சல்சு நகரப் பள்ளிகளில், கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான பயிற்சியை விலையின்றித் தர முன்வந்தனர். 'சேரும் செய்தி வகுப்பினர்க்குத் தெரியும்' என்றவுடன், பொது வகுப்புகளில் சேர முன்வந்தோர் 100-க்கு 11 பேர் அளவில் குறைந்தனர். சிறப்பு வகுப்புகளில் அக்குறைவு இல்லை. இருவகை வகுப்பிலும் பயின்ற பிள்ளைகளோ, எவ்வகுப்பில் இருக்கையில் கேட்கப்பட்டனரோ அதற்கேற்பவே விடையிறுத்தனர். 2015-இல் வெளிவந்த ஆய்வு இது. பிள்ளை ஒருவனே, அவை வேறு, விடையும் வேறு!

இங்கும் அதுவே நிகழ்கின்றது. ஐயம் கேட்டுக் கையுயர்த்துபவனைப் 'பெரிய படிப்பாளி' என்று எள்ளும் ஒரு சிரிப்புப் போதும். மறுநாள் அக்கை உயராது.

அதற்காகப் 'படிக்காதவனோடு சேராதே' என்று விலக்குதல் தீர்வாகுமா? விலக்கப்பட்டவனும் ஒரு தாயின் பிள்ளையன்றோ? விலக்கப்பட்டோர் கூடினால் எள்ளலே அங்குப் பாடமாகும்.

தீர்வு நம் திண்ணைப் பள்ளியிலேயே இருந்தது. அங்கே சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பித்தான். 1789 முதல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆந்திரு பெல், மணலில் எழுதிப் பயின்ற இந்நாட்டுப் பிள்ளைகளைக் கண்டு, மாணாக்கரே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டார். 1797-இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரிலேயே அது பிறநாடுகளில் பரவிற்று.

ஆதலின், வல்லாரும் மெல்லாரும் கலந்த நால்வர் ஐவராக மாலைதோறும் பிள்ளைகளை அமர்த்துக! அறிந்தவன் அறியாதவனுக்கு வீட்டுத் தமிழில் விளக்கட்டும். விளக்குபவனுக்கும் பாடம் தெளியும். கேட்பவனுக்கு நாணம் அகலும்.

பிள்ளைச்சாவடியிலேயே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிற்கின்றது. அதன் மதிலை வெளியிலிருந்தே பார்த்து வளரும் மீனவப் பிள்ளை ஒருநாள் உள்ளே நுழைய வேண்டாவா? கரைவலையை ஒருவர் இழுத்துக் கரையேற்ற இயலாது. கல்வியும் அத்தகையதே. கூடி இழுப்பீர், கரை சேர்வீர்!